பழைய விளையாட்டுப் பொறிகளின் மானிட்டரைப் பழுது பார்த்தல்

காசு போட்டு ஆடும் மின்னணு விளையாட்டுப் பொறிகள் 1970-களிலும் 1980-களிலும் அமெரிக்கா, கானடா, ஜப்பான் முதலிய நாடுகளில் பெருவழக்காக இருந்தன. அடாரி நிறுவனம் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாங்’ என்னும் பொறியில், கடையில் விற்கும் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியே சிறிது மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய நிறுவனமான நாம்கோ 1980-ஆம் ஆண்டில் ‘பாக்-மேன்’ என்னும் வண்ணப் பொறியை வெளியிட்டது. அமெரிக்காவில் இதனை மிட்வே நிறுவனம் தயாரித்து விற்றது. அங்குள்ள பெட்டிகளில் கானடா நாட்டு எலெக்ட்ரோஹோம் நிறுவனத்தின் ஜி07, சிகாகோ நகரத்து வெல்ஸ்-கார்ட்னர் நிறுவனத்தின் கே4600 முதலிய 19 அங்குல மானிட்டர்கள் பொருத்தப்பட்டன.

இன்று இப்பொறிகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் காணப்படுகின்றன. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் இவற்றைப் பேணிவரும் நிலையங்களுள் ஒன்று. ஆனால் இவற்றின் உயிர்நிலையான படக்குழாயின் தயாரிப்போ ஏறத்தாழ முழுவதும் நின்றுவிட்டது. டிரான்சிஸ்டர் எரிந்தால் வேறொன்று வாங்கலாம். படக்குழாயின் கழுத்து முறிந்தால் அதற்கு ஈடு கிடைப்பது அரிது. பழுது பார்ப்பவர் முறை தவறினால் கருவி மட்டுமன்றி அவர் உயிரும் இடருக்குள்ளாகும். ஆகவே, இம்மானிட்டரில் பழுதைக் கண்டறியும் முறையையும் அதனை நீக்கும் முறையையும் இக்கட்டுரையில் ஒழுங்காக ஆராய்வோம். வீடுகளிலும் பள்ளிகளிலும் எஞ்சியுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் இதன் அடிப்படைகள் பொருந்தும்.

கருவியின் அமைப்பு

படக்குழாய் என்பது காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் கலம். அதன் கழுத்தில் உள்ள இழை சூடேறும்போது, அதனைச் சூழ்ந்த கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. திரையை அடுத்த ஆனோடில் உள்ள உயர் மின்னழுத்தம் அவற்றை விரைவுபடுத்தி ஈர்க்கிறது. 19 அங்குல வண்ணக் குழாயில் இவ்வழுத்தம் 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். 20,000 வோல்ட்டால் விரைவுபடுத்தப்பட்ட எலெக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் கால் பங்குக்கும் சற்று அதிகமாகும். இக்கதிர் திரையின் உட்புறத்திலுள்ள பாஸ்பர்ப் பூச்சில் மோதும்போது அவ்விடம் ஒளிர்கிறது. வண்ணக் குழாயில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே மூன்று கதிர்கள் உண்டு.

கழுத்தின் மேல் பொருந்தியிருக்கும் யோக் என்னும் கம்பிச் சுருள்கள், காந்தப் புலத்தால் கதிரை இடவலமாகவும் மேல் கீழாகவும் திருப்புகின்றன. ஒரு விநாடியில் ஏறத்தாழ 15,750 கிடைக் கோடுகள் வரையப்படுகின்றன. கதிர் விநாடிக்கு 60 முறை மேலிருந்து கீழாக இறங்குகிறது. ஆகவே ஒரு முழுப் படத்திற்கு ஏறத்தாழ 262 கோடுகள் அமைகின்றன. இந்தியத் தொலைக்காட்சி மேற்கொண்ட 625 கோட்டு முறையில் விநாடிக்கு 15,625 கோடுகள் வரையப்பட்டன. இரு எண்களும் நெருங்கியிருப்பதால், நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கிடை விலக்குப் பகுதியை அறிந்தவருக்கு இம்மானிட்டர் புதியதன்று.

மானிட்டரின் மின்சுற்றை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் குறை காண்பது எளிதாகும். முதலாவது, மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கி நிலைப்படுத்தும் மின்வழங்கி. இரண்டாவது, கிடை விலக்குப் பகுதியும் அதனோடு இணைந்த ஃபிளைபேக் டிரான்ஸ்பார்மரும். மூன்றாவது, நெடு விலக்குப் பகுதி. நான்காவது, விளையாட்டுப் பலகையிலிருந்து வரும் துடிப்புகளைப் பிரித்து விலக்குப் பகுதிகளை அவற்றோடு இசையச் செய்யும் ஒத்தியக்கப் பகுதி. ஐந்தாவது, குழாயின் கழுத்தில் செருகப்பட்டுள்ள நிறப் பலகை.

இவற்றுள் இரண்டாவது பகுதி சிறப்பாகக் கவனிக்கத் தக்கது. கிடை விலக்கு டிரான்சிஸ்டர் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டிக்கிறது. அப்போது ஃபிளைபேக்கில் எழும் துடிப்பிலிருந்தே ஆனோடின் உயர் அழுத்தம் பெறப்படுகிறது. இந்நாட்டுப் பட்டறைகளில் இதனை இ.எச்.டி. டிரான்ஸ்பார்மர் என்பர். ஜி07 போன்ற மானிட்டர்களில் குழாயின் இழைக்கு வேண்டிய மின்சாரமும் இதிலிருந்தே செல்கிறது. எனவே கழுத்தில் செந்நிற ஒளி தெரிந்தால், கிடைப் பகுதி இயங்குகிறது என்று உடனே துணியலாம்.

உயிர்க் காப்பு

கருவியைத் தொடுமுன் சில விதிகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஜி07 போன்ற மானிட்டர்களின் மின்வழங்கி, தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வழியாகவே மின்சாரம் பெற வேண்டும். இது மானிட்டரில் இல்லை. விளையாட்டுப் பெட்டியின் அடிப்பகுதியில் உள்ளது. மானிட்டரை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்துச் சோதிப்பவர் இதனை மறப்பதுண்டு. மறந்தால் சேசிஸ் முழுவதும் நேரடி மின்னிணைப்புக்குள்ளாகும். 230 வோல்ட் வழங்கப்படும் நம் நாட்டில் அழுத்தத்தை 120 வோல்ட்டாக இறக்கவும் வேண்டும். அதற்கு இரு தனிச் சுருள்களையுடைய டிரான்ஸ்பார்மரே ஏற்றது. ஒரே சுருளையுடைய ஆட்டோ டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை இறக்குமேயன்றிக் காப்பளிக்காது.

மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதன் வெளிப்புறக் கரிப்பூச்சும் உட்புறப் பூச்சும் கண்ணாடியை நடுவே கொண்டு ஒரு மின்தேக்கியாக அமைவதே இதன் காரணம். இதனை வெளியேற்ற, மின்காப்புப் பிடியுள்ள திருப்புளி ஒன்றின் தண்டில் கம்பியைக் கட்டி, கம்பியின் மறுமுனையைக் கரிப்பூச்சின்மேல் செல்லும் பின்னற்கம்பியோடு இணைக்க வேண்டும். ஒரு கையை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு, மறு கையால் திருப்புளியின் நுனியை ஆனோடின் ரப்பர் மூடிக்குள் மெல்லச் செலுத்தி உலோகக் கொக்கியைத் தொட வேண்டும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் ஒரு முறை இவ்வாறே செய்தல் அவசியம். கண்ணாடியில் ஊறி நின்ற மின்னூட்டம் மீண்டும் வெளிப்படுவதுண்டு.

இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுவது பெரும் தவறு. கணக்கிட்டுப் பார்ப்போம். 2,000 பிக்கோபாரட் கொள்ளளவுள்ள குழாய் 20,000 வோல்ட்டில் ஏற்கும் ஆற்றல் 0.4 ஜூல். மின்வழங்கியிலுள்ள வடிகட்டும் மின்தேக்கி 400 மைக்ரோபாரட் கொண்டதாயின் 160 வோல்ட்டில் அது ஏற்கும் ஆற்றல் 5.1 ஜூல், அதாவது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். யாவரும் அஞ்சுவது குழாயை; கவனியாது விடுவதோ இச்சிறு உருளையை. 2,200 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை இதன் இரு முனைகளுக்கும் குறுக்கே சுமார் 5 விநாடி பிடித்தால் மின்னூட்டம் வடிந்துவிடும். பின்னர் மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குழாயின் கழுத்து மிக மெல்லிய கண்ணாடி. நிறப் பலகையைக் கழற்றும்போது பக்கவாட்டில் அசைக்காமல் நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். கழுத்தில் விரிசல் கண்டு காற்று புகுந்தால், உட்புறத்தில் வெள்ளி போல் மின்னும் படலம் பால் நிறமாகிவிடும். அந்நிறத்தைக் கண்டால், அக்குழாய் மீளாது என்று அறிக.

முதலில் காண வேண்டியவை

எந்தப் பாகத்தையும் மாற்றுமுன், பழுது மானிட்டரில் உள்ளதா, விளையாட்டுப் பலகையில் உள்ளதா என்று முடிவு செய்ய வேண்டும். திரை வெறுமையாயிருக்க, ஓசை மட்டும் கேட்டு ஆட்டம் நடைபெறுமாயின் பலகை இயங்குகிறது எனக் கொள்ளலாம். நன்கு இயங்கும் வேறொரு மானிட்டர் கிடைக்குமாயின் அதனை இணைத்துப் பார்ப்பதே சிறந்த சோதனை.

அடுத்து, இயங்காத நிலையிலேயே கண்ணாலும் மூக்காலும் ஆராய வேண்டும். கருகிய மின்தடை, மேற்புறம் உப்பிய மின்தேக்கி, விரிசல் கண்ட ஃபிளைபேக் ஆகியவை கண்ணுக்குப் புலப்படும். பலகையின் அடிப்புறத்தில், செருகிகளின் முட்களைச் சுற்றியும் கனமான பாகங்களின் கால்களைச் சுற்றியும் பற்றாசில் மெல்லிய வளையம் போன்ற வெடிப்புத் தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். வெப்பத்தால் பல்லாண்டு விரிந்து சுருங்கியதன் விளைவு இது. பட்டறையினர் ‘டிரை சால்டர்’ என்று கூறும் இக்குறையே பல பழுதுகளின் முழுக் காரணமாகும்.

குறிகளும் காரணங்களும்

திரையில் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒளியில்லை. முதலில் ப்யூஸைச் சோதிக்க வேண்டும். ப்யூஸ் போயிருந்தால், அது போனதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் காணாது புதிய ப்யூஸைப் போடுவதும், அது போனதும் அதனினும் கனமானதைப் போடுவதும் பலரும் செய்யும் பிழை. அப்போது ப்யூஸ் காக்க வேண்டிய மின்வழங்கியும் ஃபிளைபேக்கும் எரிகின்றன. மிக மலிவான பாகத்தை மிச்சப்படுத்த எண்ணிக் கிடைத்தற்கரிய பாகத்தை இழப்பதாக இது முடியும்.

இவ்விடத்தில் கிடை விலக்கு டிரான்சிஸ்டரையே முதலில் ஐயுற வேண்டும். மல்டிமீட்டரின் கம்பிகளை அதன் கலெக்டர், எமிட்டர் முனைகளில் வைத்து, பின் கம்பிகளை மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். இரு திசையிலும் ஏறத்தாழச் சுழி ஓம் காட்டினால் அது குறுக்கிணைப்புற்றது. ஒரு திசையில் மட்டும் டையோடு போல் காட்டினால் அது குறையன்று. இவ்வகை டிரான்சிஸ்டர் பலவற்றில் ஒரு டையோடு உள்ளேயே அமைந்துள்ளது. பேஸ், எமிட்டர் முனைகளுக்கு இடையே குறைந்த ஓம் காட்டுவதும் இயல்பே. அங்கு இணைந்துள்ள சுருளே அதற்குக் காரணம். இதனை அறியாதவர் நல்ல டிரான்சிஸ்டரையும் எறிந்துவிடுவர். புதியதைப் பொருத்தும்போது மைக்காத் தகட்டையும் வெப்பப் பசையையும் மறவாது இட வேண்டும்.

ப்யூஸ் நன்றாயிருந்து கழுத்தில் ஒளியில்லையெனில், நிலைப்படுத்திய மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஜி07-இல் இது 120 வோல்ட். இது சரியாயிருப்பின் மின்வழங்கி குறையற்றது. கிடை அலைவுச் சுற்றையும் அதன் இயக்கு டிரான்சிஸ்டரையும் ஆராய வேண்டும்.

ஒற்றைக் கோடு. குழாயின் நீண்ட பக்கத்திற்கு இணையாக ஒளிமிக்க ஒரு கோடு மட்டும் தோன்றினால் நெடு விலக்குப் பகுதி செயலற்றுவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை: ‘பாக்-மேன்’ பெட்டியில் மானிட்டர் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே இக்கோடு ஆடுபவருக்குச் செங்குத்தாகத் தோன்றும். இதனைக் கண்டு கிடைப் பகுதியைப் பிரித்து வீணே உழைத்தவர் உண்டு. கோட்டின் திசையை அறையின் தரையோடு ஒப்பிடாமல் குழாயின் நீண்ட பக்கத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்க. நெடு விலக்கு டிரான்சிஸ்டர்கள், அவற்றோடு தொடர்ந்துள்ள மின்தடைகள், யோக்கின் செருகி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒளியை உடனே குறைத்துவிடுவதும் அவசியம். கதிர் முழுவதும் ஒரே கோட்டில் விழுவதால் பாஸ்பர் விரைவில் கருகும்.

குறுகிய பக்கத்திற்கு இணையான கோடு தோன்றினால், உயர் அழுத்தம் இருக்கிறது. ஆனால் யோக்கின் கிடைச் சுருளுக்கு மின்னோட்டம் செல்லவில்லை. செருகியையும் அச்சுருளோடு தொடராக உள்ள மின்தேக்கியையும் பார்க்க வேண்டும்.

உருளும் படமும் சாய்ந்து கிழியும் படமும். இவை ஒத்தியக்கக் குறைகள். முதலில் பலகையிலிருந்து வரும் ஒத்தியக்கக் கம்பியின் இணைப்பைச் சோதிக்க வேண்டும். ஜி07-இல் நேர்த் துடிப்புக்கும் எதிர்த் துடிப்புக்கும் வெவ்வேறு முனைகள் உண்டு. வேறு விளையாட்டிலிருந்து மாற்றப்பட்ட பெட்டியாயின் கம்பி தவறான முனையில் இருக்கக்கூடும். பிறகே திருகுகளைத் தொட வேண்டும். திருப்புமுன் ஒவ்வொரு திருகின் நிலையையும் மையால் குறித்துக்கொள்வது நற்பழக்கம்.

சுருங்கி நெளியும் படம். படத்தின் ஓரங்கள் அலைபோல் நெளிவதும், இருண்ட பட்டை ஒன்று மெல்ல நகர்வதும் வடிகட்டும் மின்தேக்கி வறண்டுவிட்டதன் அடையாளம். படத்தின் ஒரு முனை மட்டும் மடிந்தோ சுருங்கியோ தோன்றினால் நெடு விலக்குப் பகுதியின் மின்தேக்கிகளை மாற்ற வேண்டும்.

நிறக் கேடு. ‘பாக்-மேன்’ படமே இதற்கு ஒரு நல்ல சோதனைத் தாள். மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. ஆகவே மஞ்சள் உருவம் பச்சையாகத் தெரிந்தால் சிவப்பும், சிவப்பாகத் தெரிந்தால் பச்சையும் இல்லை என்று அறியலாம். நீலம் இல்லையெனில் சுவர்க்கோடுகள் ஏறத்தாழ மறைந்துவிடும். இனி, மானிட்டருக்குள் வரும் சிவப்பு, பச்சைக் கம்பிகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். முன்பு இல்லாத நிறம் இப்போது தோன்றி, இருந்த நிறம் மறைந்தால் குறை பலகையிலோ கம்பியிலோ உள்ளது. அதே நிறம் மீண்டும் இல்லையெனில் குறை மானிட்டரில் உள்ளது. கழுத்துப் பலகையின் பற்றாசையும் அந்நிறத்தின் டிரான்சிஸ்டரையும் சோதிக்க வேண்டும்.

திரை முழுவதும் ஒரே நிறம் பரவிச் சாய்கோடுகளும் தோன்றினால், அந்நிறத்தின் டிரான்சிஸ்டர் குறுக்கிணைப்புற்றிருக்கலாம். அல்லது குழாயினுள் இழையும் கேதோடும் தொட்டுக்கொண்டிருக்கலாம். நிறப் பலகையைக் கழற்றிவிட்டு, குழாயின் அவ்விரு முட்களுக்கும் இடையே ஓம் அளந்தால் உண்மை விளங்கும். திரையின் மூலைகளில் மட்டும் நிறத் திட்டுகள் காணப்பட்டால் உள்ளிருக்கும் உலோகத் தகடு காந்தமேறியுள்ளது; காந்தநீக்கச் சுருளால் அதனைப் போக்கலாம்.

அழியாத தடம். பல்லாண்டு ஒரே படத்தைக் காட்டிய திரையில், மின்சாரம் இல்லாதபோதும் விளையாட்டின் சுவர்க்கோடுகள் நிழல்போல் தெரியும். பாஸ்பர் தேய்ந்ததால் நேர்ந்த இக்குறைக்கு மருந்தில்லை.

மின்தேக்கிகளை மாற்றுதல்

நாற்பது ஆண்டு கடந்த மானிட்டரில் எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்றிவிடுவது வழக்கம். அவற்றின் உள்ளிருக்கும் திரவம் வெப்பத்தால் வறண்டுவிடுகிறது. புதியதன் கொள்ளளவு பழையதற்கு ஒத்ததாகவும், தாங்கும் மின்னழுத்தம் அதற்குச் சமமாகவோ மிகுந்தோ இருக்க வேண்டும். 105 பாகை செல்சியஸ் தாங்குவது விரும்பத்தக்கது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி, உடனே புதியதைப் பொருத்தி, பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும். நேர், எதிர் முனைகள் மாறினால் அது வெடிக்கக்கூடும். சில சுற்றுகளில் முனைவேற்றுமை இல்லாத மின்தேக்கி உண்டு. அவ்விடத்தில் சாதாரண வகையைப் போடலாகாது.

சோதனை ஓட்டம்

பழுது நீக்கியபின் நேரடியாக முழு மின்சாரத்தைச் செலுத்தாமல், ப்யூஸ் இருக்கும் இடத்தில் 100 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். காந்தநீக்கச் சுருளின் செருகியை அப்போதைக்குக் கழற்றி வைக்கலாம். விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து பின் மங்கினால் பெரிய குறுக்கிணைப்பு இல்லை. தொடர்ந்து முழு ஒளியுடன் எரிந்தால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் ஆராய வேண்டும். இம்முறையில் விளக்கு எரியுமேயன்றி டிரான்சிஸ்டர் எரியாது.

இயங்கிய பின், நிலைப்படுத்திய மின்னழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளர் குறித்த அளவில் நிறுத்த வேண்டும். படத்தைப் பெரிதாக்கவோ ஒளியைக் கூட்டவோ இதனை உயர்த்தலாகாது. இது உயர்ந்தால் ஆனோடின் அழுத்தமும் உயரும். அளவு மீறினால் எக்ஸ் கதிர்கள் மிகும். அதனைத் தடுக்க அமைந்த காப்புச் சுற்றைத் துண்டிப்பது பெருங்குற்றம். ஒளி குறைவாயிருப்பின் ஃபிளைபேக்கிலுள்ள ‘ஸ்கிரீன்’ திருகைச் சாய்கோடுகள் தோன்றும்வரை ஏற்றி, அவை மறையும்வரை இறக்கி நிறுத்த வேண்டும்.

ஆசிரியர்களின் கவனத்திற்கு

இம்மானிட்டர் இயற்பியற் பாடத்தின் பல பகுதிகளை ஒருங்கே விளக்கவல்லது. மின்தேக்கியின் ஆற்றல், காந்தப் புலத்தில் எலெக்ட்ரானின் விலகல், மின்தூண்டல், நிறச் சேர்க்கை ஆகியவை இதில் கண்கூடாக அமைந்துள்ளன. ஆயினும் மூடி திறந்த மானிட்டரை மாணவர்முன் இயக்கிக் காட்டலாகாது. மின்னூட்டம் நீக்கிய குழாயின் பாகங்களை அடையாளம் காட்டுவதும், மேலே கூறிய கணக்குகளை மாணவர்களையே செய்யச் சொல்வதும் போதும். பின்வரும் வினாக்களையும் கேட்கலாம்:

1. 120 வோல்ட் மாறு மின்னோட்டத்தைத் திருத்தி வடிகட்டினால், மின்தேக்கியில் 120 வோல்ட்டுக்கு மிகுதியாக இருப்பது ஏன்?

2. ஒரு கோடு வரைய ஆகும் காலம் எத்தனை மைக்ரோ விநாடி?

3. கழுத்தில் ஒளி உண்டு, திரையில் கோடு ஒன்றே உண்டு. இதிலிருந்து எந்தெந்தப் பகுதிகள் குறையற்றவை என்று கூறலாம்?

மூன்றாவது வினாவே முதன்மையானது. எது கெட்டுவிட்டது என்று தேடுமுன், எவை கெடவில்லை என்று ஒவ்வொன்றாக உறுதி செய்து விலக்கிவிடுவதே பழுது பார்த்தலின் முறை. அவ்வாறு விலக்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் வெடித்த பற்றாசோ வறண்ட மின்தேக்கியோவாக இருக்கும். அதனை மாற்றச் சில நிமிடங்களே ஆகும்.